கடித்த நாயின் முடி

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் கும்போ ஊரில் யாருக்கும் இடுப்பு நேராக நிற்காது. குனிந்து கோஸ் அறுக்க வேண்டும், குனிந்து பிளந்து உப்புத் தண்ணீரில் அமுக்க வேண்டும், விடியும் முன் எழுந்துபோய்க் குனிந்து புரட்ட வேண்டும், அப்புறம் குனிந்து கழுவிப் பெட்டியில் அடுக்க வேண்டும். சியோலில் இருக்கும் பெண்கள் நிமிர்ந்து நின்று கிம்ச்சி ஊறுகாய் போடுவதற்காக எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு மாதம் முழுக்கக் கூன் போட்டுத் திரிவார்கள். கடல்காற்று வேறு காதைப் பிடித்துத் திருகும்.

அதிகமாகக் கோஸ் ஊறுவது ஊர்த்தலைவர் மா பியோங்சூவின் முற்றத்தில்தான். அவருக்கு வயலும் பெரிது, தொட்டிகளும் பெரிது, தொண்டையும் பெரிது. தினமும் காலையில் ஊர்க்கூடத்து ஒலிபெருக்கியில் இரண்டு முறை செருமிவிட்டு, "ஊர்த்தலைவர் பேசுறேன்" என்று தொடங்குவார். உர மூட்டை வந்த செய்தி, இலவசத் தடுப்பூசி, இழவு, கல்யாணம் எல்லாம் அந்தக் கம்பத்திலிருந்துதான் எங்கள் காதுக்கு வரும். அந்த வருஷம் நாய்களைப் பற்றி மாவட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. அதையும் ராகம் போட்டுப் படித்தார். "நாயைக் கட்டி வைங்க. கட்டாத நாய் யாரையும் கடிச்சா வளர்க்கிறவங்கதான் பொறுப்பு. நாயைக் குத்தம் சொல்லித் தப்பிக்க முடியாது. அறிவிப்பு அவ்வளவுதான்."

ஊருக்குத்தான் உபதேசம். ஊர் விளக்கணைத்த பிறகு தன் மஞ்சள் நாய் நூரியின் சங்கிலியைக் கழற்றி விடுவதே அவர்தான். மலையிலிருந்து மான்கள் இறங்கி வந்து கோஸின் குருத்தை மட்டும் பார்த்துத் தின்னும். குருத்துப் போன கோஸைப் பன்றிக்குத்தான் போட வேண்டும். நூரி ஒரு தடவை சுற்றி வந்தால் மான் ஒரு வாரம் எட்டிப் பார்க்காது. வேலைக்காரப் பெண்கள் வரும் முன் எழுந்து விசிலடித்து நாயைக் கட்டிவிடுவார். இது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். மனைவியை ஊரில் வாண்டோக்காரி என்பார்கள். எங்கள் பக்கம் கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்குப் பிறந்த ஊர்தான் பெயர்.

அன்றைக்குக் கூரியர் வண்டி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றுவிட்டது. பெட்டி ஏற்றுகிற அவசரத்தில் பியோங்சூ விசிலடிக்க மறந்துபோனார்.

வாண்டோக்காரி வேலைக்காரர்களுக்குக் காய்ந்த கீரையும் சோயா விழுதும் போட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். கொல்லைப் பக்கமாக நூரி வாலாட்டிக்கொண்டு வந்தது. வாயில் துணி. ஊதாவில் வெள்ளைப் பூப்போட்ட துணி. எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் பூப்போட்ட கால்சட்டைதான் போடுவார்கள். ஆனால் இந்த ஊதாவைச் சந்தையில் பேரம் பேசி, வேலைக்கு வரும் பக்கத்து வீட்டுப் போசோங்காரிக்கு வாங்கிக் கொடுத்ததே வாண்டோக்காரிதான். துணியின் ஓரம் ஈரமாக இருந்தது. விளக்கில் பிடித்துப் பார்த்தாள். ரத்தம்.

என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே அவள் கை அதை அடுப்புக்குள் தள்ளிவிட்டது. நாயை இழுத்துப் போய்ச் சங்கிலியில் மாட்டும்போதுதான் வயல் பக்கம் டார்ச் வெளிச்சமும் பெண்கள் குரலும் கேட்டன.

போசோங்காரி கோஸ் வரிசைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. ஆடுதசையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். புருஷன் போன பிறகு இருபது வருஷமாக ஊரில் எல்லோர் வயலிலும் குனிந்த பெண் அவள்.

"எந்த நாய் அக்கா?" என்றார்கள்.

"இருட்டுல நாய்க்கு நிறம் ஏது? தூக்கி விடுங்கடி, குண்டி நனையுது" என்றாள்.

அவளை வண்டியில் ஏற்றி சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிட்டு பியோங்சூ வீட்டுக்கு வந்தார். மனைவி முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"நீ எதுவும் பார்க்கலை" என்றார்.

"பார்த்தேன். துணியைக் கொண்டுவந்துச்சு."

"துணி எங்கே?"

"எரிச்சிட்டேன்."

"அப்புறமென்ன. பார்க்கலைன்னு ஆச்சு."

"அந்தக்கா நம்ம வேலைக்கு வந்த மனுஷி. நம்ம வயல்ல கடிபட்டிருக்கு."

"தெரியாதா எனக்கு? பாதி வயல் இன்னும் அறுக்காம கிடக்கு. ஒலிபெருக்கியில தினம் கத்தினவன் நான். என் நாய்னு சொல்லிட்டு எந்த மூஞ்சியோட மைக் முன்னால நிப்பேன்? வேலை முடியட்டும். அந்தக்காவுக்கு நான் பார்த்துக்கிறேன்."

வாண்டோக்காரி குழம்பைக் கிண்டினாள். அடி பிடித்திருந்தது.

தையல் போட்டு, ஊசி குத்தி, மாத்திரைப் பையோடு போசோங்காரி மத்தியானமே திரும்பிவிட்டாள். ஆனால் ஊசி ஊசிக்கு, முடி முடிக்கு. எங்கள் பக்கம் நாய் கடித்தால் கடித்த நாயின் முடியை வெட்டி, எரித்து, எள்ளெண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். அதே நாயின் முடியாக இருக்க வேண்டும். நாய்க்காரர்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முடியைக் கொடுத்தால் என் நாய்தான் கடித்தது, பிழை என்னுடையது என்று சொன்னதாக அர்த்தம். வாயால் மன்னிப்புக் கேட்கக் கூசுகிறவர்கள்கூட முடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

இந்த முறை யாரும் கொண்டுவரவில்லை. ஊர்க்கூடத்தில் கீழிருந்து சூடேற்றிய தரையில் உட்கார்ந்து மக்கொல்லி என்ற அரிசிக் கள் குடித்த ஆண்கள் தாங்களே முடிவு கட்டினார்கள். மேட்டு வீட்டில் குவாங்ஜூ நகரத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் ஹாவின் கறுப்பு நாய்தான். கன்றுக்குட்டி மாதிரி இருக்கும், பெயர் மோக். யாரோ வேண்டாமென்று விட்டதை ஹா எடுத்து வளர்த்தார். அந்த நாயும் குரைக்காது, அவரும் அதிகம் பேசமாட்டார். மூன்று வருஷமாகியும் நாங்கள் அவரை ஒரு விருந்துக்கு அழைத்ததில்லை. ஊருக்குப் புதியவர் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். எப்போதும் தெரியும்.

நாலைந்து பேர் மேட்டுக்குப் போனார்கள். தலைவர் என்பதால் பியோங்சூவும் போக வேண்டியிருந்தது.

"போசோங்காரி அக்காவை நாய் கடிச்சிருக்கு. மருந்துக்கு உங்க நாய் முடி கொஞ்சம் வேணும்" என்றார் ஒருவர்.

"நாய் முடியிலயா மருந்து?" ஹா ஆச்சரியப்பட்டார். ஆனால் முதல்முறையாக ஊரார் தன் வாசலுக்கு ஒரு உதவி கேட்டு வந்திருக்கிறார்கள் என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. "எவ்வளவு வேணும்ணே? இருங்க." உள்ளே போய்ச் சீப்பை எடுத்துவந்து, மோக்கை உட்காரவைத்து வாரி, கை நிறையக் கறுப்பு முடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "பத்தலைன்னா சொல்லுங்க, தினமும் கொட்டுது."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டதும் கொடுத்துவிட்டானே, குற்றமுள்ள நெஞ்சுதான் என்று மற்றவர்கள் நம்பினார்கள். நகரத்து மனிதருக்கு இந்த வழக்கம் தெரியாது என்பது பியோங்சூவுக்கு மட்டும் அந்த இடத்திலேயே புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. பொட்டலத்தை அவரே வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார்.

மறுநாள் மாவட்ட அலுவலகத்திலிருந்து தோ என்ற அதிகாரி வந்தாள். சின்னப் பெண், மழைக்கோட்டும் ரப்பர் காலணியுமாக ஒவ்வொரு வீட்டு நாயையும் பார்த்துவிட்டுத் தலைவரிடம் வந்து நின்றாள்.

"பார்த்த சாட்சி யாரும் இல்லைங்க. எல்லாரும் அந்தக் கறுப்பு நாயைத்தான் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"முடியைக் கொடுத்துட்டாரே" என்றார் பியோங்சூ.

"முடியைக் கொடுத்தா?"

"எங்க ஊர்ல அப்படித்தான். தப்புப் பண்ணாதவன் எதுக்குக் கொடுக்கப் போறான்?"

அதிகாரி புருவத்தை நெரித்தாள். "அது உங்க ஊர் வழக்கம். எனக்கு அது போதாது. ஆனா ஊர்த்தலைவர் நீங்களே உறுதியாச் சொன்னா, நாயைக் கொண்டுபோய் அதோட குணத்தைப் பரிசோதிக்க உத்தரவு போடலாம். கால்நடை மருத்துவர்கள் இருக்கிற குழு பார்க்கும். ஆபத்தான நாய்னு முடிவானா, வளர்க்கவே அனுமதி வாங்கணும். அந்தக் குழு முடியாதுன்னு சொல்லிட்டா ஊசி போட்டுக் கொல்லவும் வழி இருக்கு. அதனாலதான் கேக்குறேன். உறுதியாத் தெரியுமா?"

கொட்டிலில் வாண்டோக்காரி கோஸ் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"தெரியும்" என்றார் பியோங்சூ. தண்ணீர்ச் சத்தம் மறுபடி வர வெகுநேரமாயிற்று.

உத்தரவு கைக்கு வந்த அன்று சாயங்காலம் ஹா கீழே தலைவர் வீட்டுக்கு இறங்கி வந்தார். பெண்கள் புதுக் கிம்ச்சி பிசைந்துகொண்டிருந்தார்கள். அடுப்பில் பன்றி இறைச்சி வெந்துகொண்டிருந்தது. கட்டியிருந்த நூரி அவரைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு காலில் விழுந்து புரண்டது.

"அண்ணே, மருந்துக்குன்னுதானே கேட்டீங்க? நான் ஒத்துக்கிட்டேன்னு எழுதியிருக்காங்களே. மோக் அன்னைக்கு என் கால்மாட்டுல படுத்திருந்துச்சு. சத்தியமாச் சொல்றேன். உங்களுக்குத்தான் அலுவலகத்துல மரியாதை இருக்கு. எனக்காக ஒரு வார்த்தை பேசுங்க."

பியோங்சூ அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "முதல்ல உக்காருங்க தம்பி. ஏ, இவருக்கு எடுத்து வை" என்றார் மனைவியிடம்.

வாண்டோக்காரி சுடச்சுடச் சோறும், துண்டு போட்ட இறைச்சியும், சிப்பி சேர்த்துப் பிசைந்த கிம்ச்சியும் கொண்டுவந்து வைத்தாள். ஹா வேண்டாமென்றுதான் சொன்னார். அப்புறம் ஒரு வாய் எடுத்துவைத்தார். கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டி வாயில் போட்டவர் சாப்பிடச் சாப்பிடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காரமா?" என்றாள்.

"இல்லைக்கா. இந்த ஊருக்கு வந்து முதல் தடவையா ஒரு வீட்டுல உக்காந்து சாப்பிடுறேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, மிளகாய் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உதடு எரிந்தது. எரியட்டும் என்று நின்றாள். அவமானம் என்றால் பிறர் பார்த்துச் சிரிப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். ஒருவர் வாழ்த்தும்போதும் அது வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

வெளியே புருஷன் குரல் கேட்டது. "பார்க்கிறேன் தம்பி. சொல்லிப் பார்க்கிறேன்." அவர் எதையும் சொல்லிப் பார்க்கவில்லை.

அந்தக் கறுப்பு முடியை எரித்துப் பூசியும் போசோங்காரியின் புண் ஆறவில்லை. சிவந்து வீங்கிச் சீழ் வைத்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாரு பாட்டி இதுல கரியை அப்பினது? அதனாலதான் சீழ் பிடிச்சிருக்கு" என்று கத்தினாளாம். "பாட்டின்னு சொல்லாதே, என்னை இன்னும் வேலைக்குக் கூப்பிடுறாங்க" என்று போசோங்காரி திருப்பிக் கொடுத்தாளாம். ஆனால் எங்கள் பெண்கள் நர்ஸ் சொன்னதை ஏற்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த போசோங்காரியைச் சுற்றிப் பேச்சு ஓடியது.

"குவாங்ஜூக்காரன் ஏமாத்திட்டான். வேற எந்த நாய் முடியையோ கொடுத்திருப்பான்."

"கறுப்பு முடிதானே கொடுத்தான்?"

"எவன் கண்டான். முடி சரியில்லைன்னா புண் எப்படி ஆறும்?"

போசோங்காரி பசை தடவிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "முடி ஒத்துக்கலைன்னு எனக்கும் தெரியுது. ஒத்துக்கிற முடி வரும்னு பார்க்கிறேன். நாய்க்கு வாய் இருக்கிற அளவுக்கு மனுஷனுக்கு நெஞ்சு இருந்தா வரும்."

சொல்லிவிட்டு யாரையும் பார்க்கவில்லை. தொட்டியில் கையை விட்டுக்கொண்டிருந்த வாண்டோக்காரிக்கு உப்புத் தண்ணீர் வெட்டுக்காயத்தில் பட்டது போல ஒரு துடிப்பு. நர்ஸ் சொன்னதையும் அவள் கேட்டிருந்தாள். முடியை நம்பித்தான் வளர்ந்திருந்தாள். எது நிஜமானாலும் அந்தக் கால் தன்னால்தான் அழுகுகிறது என்று பட்டது.

நாயைக் கொண்டுபோக வண்டி வந்த காலை, ஊர் முழுக்க ஊர்க்கூடத்து வாசலில் கூடிவிட்டது. வேடிக்கை என்றால் எங்களுக்குக் கோஸ்கூட இரண்டாம்பட்சம். முதல் உறைபனி விழுந்து தரை வெள்ளையாக இருந்தது. ஹா மோக்கைத் தானே நடத்திக்கொண்டு வந்தார். வாய்மூடி மாட்டியிருந்தார். நாய் கூண்டைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, ஏறச் சொன்னதும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதிகாரி தோ தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். பியோங்சூ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு மர நாற்காலியில் கட்டுப்போட்ட காலை நீட்டிப் போசோங்காரி உட்கார்ந்திருந்தாள்.

வாண்டோக்காரி வயல் பாதையில் வந்தாள். ஒரு கையில் நூரியின் கயிறு. மறு கை மூடியிருந்தது. நேராகப் போசோங்காரி முன்னால் போய் உறைபனியில் மண்டியிட்டு, மூடிய கையை அவள் மடியில் திறந்தாள். சமையல் கத்தரியால் வெட்டிய மஞ்சள் முடி. எரிக்கவில்லை. எரித்தால் எல்லா முடியும் கறுப்புத்தான். கொண்டுபோய் ரகசியமாகப் பூசிவிட்டு வந்திருக்கலாம். அது அவளுக்கும் தோன்றியிருக்கும்.

பின்னால் நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள்.

"இவ்வளவு நாளாச்சா ஒனக்கு?" என்றாள் போசோங்காரி.

"ஒனக்குத் தெரியுமாக்கா?"

"கடிச்சிட்டு என் கையை நக்கிச்சுடி அது. எலும்பு போடுற கை தெரியாதா அதுக்கு? எனக்குத்தான் அந்த நாக்கு தெரியாதா?"

அதிகாரி நிமிர்ந்தாள். "தெரிஞ்சே ஏம்மா சொல்லலை?"

"கேட்டு வாங்கினா அது முடி இல்லை தாயி. அவங்களாக் கொண்டுவரணும். பக்கத்து வீட்டு மானம் போகுதேன்னு வாயை மூடிக்கிட்டேன்." போசோங்காரி ஹாவின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது. "இவர் நாய் போகும்னு நான் நினைக்கலை. போகப்போகுதுன்னு தெரிஞ்ச பிறகும் இப்ப வரைக்கும் பேசாமத்தான் இருந்தேன். அதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு, தம்பி."

பிறகு மடியிலிருந்த முடியை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். "இதைப் பூச மாட்டேன். அந்த நர்ஸ் பொண்ணு கொன்னுடும். ஆனா வாங்கிக்கிறேன்."

எல்லோர் கண்ணும் பியோங்சூவிடம் போயிற்று. அவர் செருமினார். அத்தனை முகங்களுக்கு முன்னால் ஒரு சொல்கூட வரவில்லை. சட்டென்று திரும்பி ஊர்க்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே கம்பத்தில் கரகரவென்று சத்தம் வந்தது. இரண்டு முறை செருமல்.

"ஊர்த்தலைவர் பேசுறேன். போசோங்காரி அக்காவைக் கடிச்சது என் நாய். மான் விரட்ட ராத்திரி ராத்திரி நான்தான் அவுத்து விட்டேன். மேட்டு வீட்டு ஹா மேல தெரிஞ்சே பழியைப் போட்டேன். முடி கொடுத்தா என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியாது. தெரியாதுன்னு எனக்குத் தெரியும்." குரல் நின்றது. மூச்சு மட்டும் ஊர் முழுக்கக் கேட்டது. "அறிவிப்பு அவ்வளவுதான்."

நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பக்கத்தில் நின்றுகொண்டே அவரவர் காலணியைப் பார்த்தோம். கறுப்பு நாய்தான் என்று சொல்லாத வாய் அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

அதிகாரி கூண்டைத் திறந்து மோக்கை இறக்கிவிட்டாள். நூரியின் கயிற்றை வாங்கிக்கொண்டு, "பரிசோதனை இதுக்கும் உண்டுங்க. என்ன முடிவாகும்னு இப்ப சொல்ல முடியாது. நாய்க்கு மட்டும் இல்லை, உங்க ரெண்டு பேர் மேலயும் நடவடிக்கை இருக்கும்" என்றாள். வாண்டோக்காரி தலையை ஆட்டினாள். நூரி எப்போதும்போல வாலாட்டிக்கொண்டு தானே கூண்டில் தாவி ஏறியது. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

வண்டி போன பிறகு ஹா அவள் பக்கத்தில் வந்து நின்றார். மோக்கின் வாய்மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, அன்னைக்கு எனக்குச் சோறு போட்டீங்களே."

"ஆமா."

"அப்பவே தெரியுமா?"

ஊர்க்கூடத்துக் கதவு இன்னும் சாத்தியே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள்.

ஹா நாயைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார்.